காலர் மெஷினில் பின்னிய காலுறை

1. பாலிதீன் பையில் வந்தது

சிங்காநல்லூரில் ரஹீம் பாயின் பின்னல் யூனிட்டில் நான் பெண் சூப்பர்வைசராக இருந்த காலம் அது. தொண்ணூறுகளின் தொடக்கம். டி-ஷர்ட்டுக்கு காலர் பின்னுவது எங்கள் வேலை. எட்டு கை மெஷின்கள். கேரியேஜ் என்கிற நகரும் பாகத்தை இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டே நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை இழுத்தோம் என்று யாரும் எண்ணியதில்லை. திருப்பூரிலிருந்து நிறம் ஒத்துப்பார்க்கத் துணியோடு ஒரு ஆள் வந்து காலரை வாங்கிக்கொண்டு போவார்.

ஒரு நாள் நேவி ப்ளூ காலர் முழுக்க வெள்ளைக் கோடு ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தது. அத்தனையும் பிரித்துப் பின்ன வேண்டும். பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் டாக்டர் கனகராஜ் உள்ளே வந்தார். கையில் ஒரு பாலிதீன் பை. அவர் அந்தப் பகுதியில் சர்ஜன். பாயின் ஹெர்னியாவை ஆபரேஷன் செய்தவர் என்பதால் பாய் எழுந்து நின்றார்.

டாக்டர் பையிலிருந்து தோல் நிறத்தில் ஒரு நீளமான சாக்ஸை எடுத்து மேஜைமேல் போட்டார். முழங்கால் வரை வருவது, விரல் பக்கம் திறந்தது. இழுத்துப் பார்த்தேன். ரப்பர் மாதிரித் திமிறியது.

"ஏனுங்க பாய், காலர் பின்றீங்க. இந்தக் கால் பின்ன முடியுங்களா?" என்றார்.

கால் நரம்பு சுருண்டு புடைத்துக்கொள்ளும் நோய்க்கான காலுறை அது. வெளிநாட்டுச் சரக்கு. மூன்றே அளவுகளில்தான் வருமாம். அவரிடம் வருகிற சமையல்காரர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், மில்லில் நின்றே வேலை செய்கிறவர்கள் யாருடைய காலும் அந்த மூன்றுக்குள் அடங்குவதில்லை. ஒருத்தருக்குக் கணுக்கால் பிடித்தால் ஆடுசதை பிடிக்காது. க்ரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினால் மதியத்துக்குள் அவிழ்ந்து செருப்பில் வந்து நிற்கிறது. அதனால் அளவெடுத்துப் பின்னித் தர ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

பாய் அந்தக் காலுறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என் பக்கம் தள்ளினார். முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஆனால் விரல்கள் அதற்குள் தையலைப் பிரித்து, ரப்பர் நூல் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆரம்பித்திருந்தன. கண்ணிக்குள் பின்னப்படாமல், கண்ணிகளுக்கு நடுவே படுக்கப் போட்டிருந்தார்கள். நம் மெஷினிலும் அப்படிப் போடலாம் என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லிவிட்டேன். அதோடு மாட்டிக்கொண்டேன்.

2. புட்வால்வு

முதல் ஆள் கண்டக்டர் சுப்பிரமணி. பெருந்துறை போகிற தனியார் பஸ்ஸில் வேலை. காலையில் ஏறினால் ராத்திரி வரை நிற்கிற உத்தியோகம். இடது காலில் உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே ஒரு புண். மூன்று வருடமாக ஆறவில்லை. சுற்றிலும் தோல் கறுத்து, மரப்பட்டை மாதிரி கெட்டியாகிவிட்டது. அதற்கு மேலே தொடை வரைக்கும் நரம்பு, மண்புழு போல நெளிந்து நீலமாகப் புடைத்திருந்தது. மஞ்சள், பச்சிலை, பௌடர், ஊசி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. வாடை வருகிறது என்று பயணிகள் சொல்ல, அந்த மாதக் கடைசிக்குள் புண் ஆறாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக பஸ் முதலாளி சொல்லிவிட்டாராம். டாக்டர் முதலாளியிடம் பேசி நான்கு மாதம் தவணை வாங்கியிருந்தார்.

அளவெடுக்க நான் டாக்டரின் கிளினிக்குக்குப் போனபோதுதான் இந்த நோயின் கதையை முதன்முதலாகக் கேட்டேன். சுப்பிரமணி தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். டாக்டர் அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். காலில் இருக்கிற ரத்தம் மேலே இதயத்துக்கு ஏற வேண்டும். ஆடுசதைதான் மோட்டார். நடக்கும்போது சதை இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். தள்ளிய ரத்தம் திரும்பக் கீழே வராமல் இருக்க, சிரை என்கிற அந்த ரத்தக் குழாய்க்குள் வழியெல்லாம் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. அவை கெட்டுப்போனால் ரத்தம் பின்னால் இறங்கும், தேங்கும், சிரை ஊதும், தோல் கெடும், கடைசியில் புண் வரும். நின்றபடியே இருந்தால் மோட்டார் ஓடாது, பாரம் மட்டும் ஏறும். அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றுச் சமயத்தில் வரலாம். உடம்பு எடை கூடினாலும் வரலாம்.

சுப்பிரமணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கிணற்று மோட்டார் குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கிற வால்வை நினைத்து, "புட்வால்வு லீக்காயிருச்சுங்கறீங்க" என்றார்.

"அதேதானுங்க."

"எங்க தோட்டத்துல லீக்கானா வேற வால்வு மாத்திப்போடுவோமுங்க. அதாட்ட இதுக்கும் மாத்திப்போட முடியாதுங்களா?"

மாற்ற முடியாது என்றார் டாக்டர். ஆனால் கெட்டுப்போன குழாயையே இடுப்புக்குக் கீழே கட்டி, உருவி எடுத்துவிடலாம். ரத்தம் போக உள்ளே ஆழத்தில் வேறு பெரிய குழாய் இருக்கிறது, அது நன்றாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் செய்வது. அதற்கு முன்னால் புண் ஆற வேண்டும். புண் ஆறக் கால் அமுங்கியிருக்க வேண்டும். அமுக்குவதற்குத்தான் நான்.

நரம்பு நரம்பு என்று நாம் சொல்வது சிரையை என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

3. பாய் போட்டுப் பார்த்தது

முதல் சாம்பிளை பாய்தான் போட்டுக்கொண்டார். அடுத்தவர் காலில் பரீட்சை வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அவர் கால் நல்ல கால். டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்னார். அடியிலிருந்து முடிவரை ஒரே டென்ஷனில் நான் பின்னியிருந்தேன். பதினொரு மணிக்குள் முழங்காலுக்குக் கீழே ஒரு கயிறு கட்டியது போலப் பதிந்து, அதற்குக் கீழே பாதம் பூரி மாதிரி உப்பிவிட்டது.

லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குக் கால் கழுவ வேண்டும். காலுறை கழலவில்லை. அவர் மேஜையைப் பிடித்துக்கொள்ள, நான் இழுத்தேன். மெஷினில் இருந்த இரண்டு பேர் என்னைப் பிடித்து இழுத்தார்கள். கழன்றபோது மூன்று பேரும் நூல் கோன் அட்டைப்பெட்டிகள் மேல் போய் விழுந்தோம். பாய் காலைத் தேய்த்துக்கொண்டே, காலருக்கு இத்தனை கஷ்டம் இல்லை என்று மட்டும் சொன்னார்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தப்பு எங்கே என்று அவருக்கு உடனே தெரிந்தது. கணுக்காலில் அதிகமாகப் பிடிக்க வேண்டும், மேலே போகப் போகப் பிடி தளர வேண்டும். அப்போதுதான் ரத்தம் மேலே ஏறும். நான் ரத்தத்தை அடைத்து வைத்திருந்தேன்.

எவ்வளவு பிடிக்கிறது என்று எப்படி அளப்பது? டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். குழந்தைகளுக்கு பி.பி. பார்க்கிற பட்டையிலிருந்து ரப்பர் பையை உருவி, காலுறைக்கு அடியில் கணுக்காலில் வைத்து, துளி காற்று ஊதி, பாதரசக் கருவியில் பார்த்தோம். கணுக்காலில் முப்பது, முழங்காலுக்குக் கீழே பதினைந்துக்கு மேல் போகக் கூடாது என்றார். பாதரசம் ஏறுகிற இடத்தைப் பார்த்து நான் ரப்பர் நூலின் டென்ஷனை ஒரு படி கூட்டுவேன், குறைப்பேன். ஆடுசதை வரும் இடத்தில் ஊசிகளைக் கூட்டி அகலமாக்குவேன். பின்பக்கத் தையலை ஓவர்லாக் மெஷினில் அடித்தால் தோலில் பதிகிறது என்று கையால் கண்ணி கண்ணியாகச் சேர்த்தேன். பதினோராவது சாம்பிளில் பாதரசம் டாக்டர் சொன்ன இடத்தில் போய் நின்றது. கிளினிக்கில் இருந்த நர்ஸ் எனக்கு ஒரு டீ வாங்கி வர ஆள் அனுப்பினார்.

மாட்டுகிற வழியை பாய் கண்டுபிடித்தார். டி-ஷர்ட் போட்டு அனுப்புகிற பாலிதீன் கவர் எங்களிடம் கட்டுக்கட்டாக இருக்கும். அதைப் பாதத்தில் மாட்டி, அதன்மேல் காலுறையை இழுத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். ஏறிய பிறகு விரல் பக்கத் திறப்பு வழியாகக் கவரை உருவிவிடலாம். இன்றைக்கும் என்னிடம் வருகிறவர்களுக்கு இதையே சொல்கிறேன்.

4. எழுந்திருக்காத ஆளைத் தேடி

சுப்பிரமணியின் காலுறை தயாரானது. என்னை நானே மெச்சிக்கொண்டு கொடுத்தேன். மறுநாள் காலையில் அது லொடலொடவென்று வழிந்தது. பாதரசம் பன்னிரண்டில் நின்றது.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்தோம். நூல் சரி, டென்ஷன் சரி. கடைசியில் டாக்டர், எத்தனை மணிக்கு அளவெடுத்தீர்கள் என்று கேட்டார். டூட்டி முடிந்து வந்த பிறகு, சாயங்காலம் ஆறு மணிக்கு. பகல் முழுக்க நின்று வீங்கிய காலை நான் அளந்திருக்கிறேன். உண்மையான கால், அவர் படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்னால் இருக்கிற கால்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பாயின் ஸ்கூட்டரில் நானும் அவரும் இருகூருக்குப் போனோம். சுப்பிரமணியின் மனைவி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். முதல் நாளே தகவல் சொல்லி அனுப்பியிருந்தோம், ஆனால் சுப்பிரமணி வீட்டில் சொல்ல மறந்துவிட்டார்.

"அவரு இன்னும் எந்திரிக்கலைங்களே" என்றார் அந்த அம்மா சங்கடத்தோடு.

"அதுக்குத்தானுங்க வந்தோம்" என்றார் பாய்.

அந்த அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. நான் அளவு டேப்பை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போனோம். சுப்பிரமணி கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்து எழப் போனார். "எந்திரிக்காதீங்க" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கணுக்காலின் மெல்லிய இடம், ஆடுசதையின் பருத்த இடம், முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே, பாதத்திலிருந்து உயரம். நான்கு அளவு. சாயங்கால அளவுக்கும் காலை அளவுக்கும் கணுக்காலில் இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம். அந்த அம்மா எங்களைக் காபி குடிக்காமல் விடவில்லை. காபி வரும்வரை சுப்பிரமணி பயந்துபோய்ப் படுத்தே இருந்தார்.

புது காலுறை பிடித்தது. டாக்டர் புண்ணுக்கு மருந்துத் துணி வைத்து அதன்மேல் மாட்டச் சொன்னார். ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். வீட்டில் படுக்கும்போது காலைத் தலையணைமேல் உயரத்தில் வைக்கச் சொன்னார். பஸ்ஸில் அவர் எக்கி எக்கி நிற்பதைப் பார்த்து, கண்டக்டர் எதை எட்டிப் பார்க்கிறார் என்று பயணிகள் கேட்பார்களாம். மூன்றாவது மாதக் கடைசியில் புண் மூடியது. முதலாளியிடம் காலைக் காட்டிவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் படுத்தார். ஆபரேஷன் முடிந்த அன்றே டாக்டர் அவரை நடக்க வைத்தார். அடுத்த மாதம் பஸ் ஏறிவிட்டார்.

பிறகு வரிசையாக ஆட்கள் வந்தார்கள். பெண்கள் ஆண் டாக்டரிடம் காலைக் காட்டவே தயங்குவார்கள். அளவெடுப்பது ஒரு பெண் என்று தெரிந்ததும் பலர் தைரியமாக வந்தார்கள். பருத்திப் பேரம், பிள்ளை படிப்பு எல்லாம் பேசிக்கொண்டே அளவெடுப்பேன்.

5. கல்யாணப் பெண்

பெருந்துறையிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். மகளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், அடுத்த மாதம் கல்யாணம். தொடையிலும் முழங்கால் பின்பக்கத்திலும் சிவப்பும் நீலமுமாகச் சிலந்திக் கால் போல மெல்லிய கோடுகள். மாப்பிள்ளை வீட்டில் நோய் என்று சொல்லிவிடுவார்கள் என்று அம்மா அழுதார். கோடு தெரியாமல் மூட ஒரு காலுறை வேண்டும், தோல் நிறத்தில், இடுப்பு வரை.

டாக்டர் அந்தப் பெண்ணை நிற்க வைத்துப் பார்த்தார். பெரிய சிரை எதுவும் கெடவில்லை. தோலுக்கு அடியில் இருக்கிற மிகச் சின்னக் குழாய்கள் விரிந்ததுதான் இது, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றார். பார்க்கப் பிடிக்காவிட்டால் மெல்லிய ஊசியில் மருந்து ஏற்றி அந்தக் கோடுகளை மங்க வைக்கலாம். ஆனால் சில முறை வர வேண்டும், கொஞ்ச நாள் அந்த இடம் பழுப்பாகத் தெரியும், கல்யாணத்துக்குள் முடியாது. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்.

அம்மா மேலும் ஏதோ கேட்க ஆரம்பித்தார். மகள் என்னைப் பார்த்து, "ஏனுங்கக்கா, சேலைக்கு அடியில யாரு பாக்கப்போறாங்க? பாக்கறவரு பாத்துட்டுப் போகட்டும்" என்றாள். டாக்டர் சட்டென்று மேஜையில் ஏதோ எழுதுவது போலக் குனிந்துகொண்டார். அவர்கள் காலுறை வாங்காமல் போனார்கள். கல்யாணப் பத்திரிகை மட்டும் வந்தது. பாயும் நானும் போய்ச் சாப்பிட்டு வந்தோம்.

6. சீட்டு இல்லாமல் கொடுத்தது

இதுவரை சொன்னதெல்லாம் நான் பெருமையாகச் சொல்லக்கூடியது. இனிச் சொல்வது அப்படி இல்லை.

இரண்டு வருடம் போயிருந்தது. எனக்குக் காலைப் பார்த்தாலே எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்திருந்தது. சத்தியமங்கலத்திலிருந்து செல்வி என்ற பெண் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் சின்னப்பன். வாழைத் தோட்டம். வலது காலில் சிரை நன்றாகப் புடைத்திருந்தது. நடந்தால் ஆடுசதை வலிக்கிறது என்றார். டாக்டர் அந்த வாரம் வெளியூர் போயிருந்தார். அவர் எழுதித் தரும் சீட்டு இல்லாமல் காலுறை தருவதில்லை என்பது எங்கள் வழக்கம். ஆனால் அவர்கள் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். பெரியவரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அளவெடுத்தேன். பாதம் சில்லென்றிருந்தது. வெளியே மழை, ஈரச் செருப்பு, அதனால் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பையில் பீடிக்கட்டு இருந்ததையும் பார்த்தேன். மூன்றாம் நாள் காலுறையை பஸ்ஸில் அனுப்பிவிட்டேன்.

அது போய்ச் சேர்ந்த மறுநாள் மதியம், பக்கத்து டீக்கடைக்கு எனக்கு போன் வந்தது. செல்வி. காலையில் மாட்டியதிலிருந்து அப்பாவுக்குப் பாதம் எரிகிறது, விரல்கள் வெளுத்துப்போய்விட்டன, பழகப் பழகச் சரியாகும் என்று பொறுத்துக்கொண்டிருந்தோம் என்றாள்.

"கழட்டிப்போடு கண்ணு. இழுத்துட்டு இருக்காத. கத்தரிக்கோல் எடுத்து வெட்டிப்போடு. வெட்டிப்போட்டு அப்பாவைக் கூட்டிட்டு நேரா டாக்டர்கிட்ட வா" என்றேன்.

டாக்டர் அன்று காலையில்தான் ஊர் திரும்பியிருந்தார். வாடகைக் கார் வந்து நின்றபோது நானும் பாயும் கிளினிக் வாசலில் இருந்தோம். பெரியவரைப் படுக்க வைத்து, டாக்டர் பாதத்தின் மேல்பக்கத்தில் இரண்டு விரல் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றி என் பாதத்தில் அதே இடத்தைத் தொடச் சொன்னார். துடித்தது. பிறகு பெரியவரின் பாதத்தில் தொடச் சொன்னார். எதுவும் இல்லை.

"சிரையில ரத்தம் தேங்குதுன்னு நாம அமுக்கறோம். இவருக்கு ரத்தம் கீழ வர்றதே கொஞ்சம்தான், அதைக் கொண்டுவர்ற தமனி அடைச்சிருக்குது. அந்தக் கொஞ்சத்தையும் அமுக்கிப்போட்டோம்."

போட்டோம் என்றார். போட்டீங்க என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

சீக்கிரம் வெட்டி எடுத்ததால் விரல்களுக்கு நிறம் திரும்பியது. அன்றே டாக்டர் அவரை இரத்தக் குழாய் ஆபரேஷன் செய்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். அடைபட்ட இடத்தைத் தாண்டி, அவருடைய மற்றக் காலிலிருந்து எடுத்த ஒரு நல்ல சிரையை வைத்து மாற்றுப் பாதை போட்டார்கள். பீடியை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார்கள்.

பாய் காலுறை வேலையையே நிறுத்திவிடலாம் என்றார். நானும் ஒத்துக்கொண்டேன். ஒரு வாரம் காலர் மட்டும் பின்னினேன். எட்டாம் நாள் டாக்டர் வந்து, பதினான்கு பேர் அளவெடுக்கக் காத்திருக்கிறார்கள், வருகிறீர்களா இல்லையா என்று கேட்டார். போனேன். ஆனால் அன்றிலிருந்து என் வேலை மாறிவிட்டது. டேப்பை எடுப்பதற்கு முன்னால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு இருக்கிறதா, நாடி துடிக்கிறதா. துடிப்பு கிடைக்கவில்லை என்றால் டாக்டர் சீட்டே இருந்தாலும் மறுபடி அவரிடம் அனுப்புவேன். சீட்டு இல்லாவிட்டால் எத்தனை பஸ் மாறி வந்தாலும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளில் சொல்லிக்கொடுப்பது மெஷினை அல்ல. எதிரே இருப்பவர் காலில் எந்த இடத்தில் விரல் வைக்க வேண்டும் என்பதைத்தான்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு நாள் யூனிட் வாசலில் சின்னப்பன் வந்து நின்றார். கூடவே செல்வி, தலையில் ஒரு வாழைத்தாரோடு. மன்னிப்புக் கேட்க அத்தனை நாள் யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல எழுந்தேன். அவர் அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை இன்னொரு ஸ்டூல்மேல் தூக்கி வைத்தார்.

"அங்க டாக்டருங்க எல்லாரும் தொட்டுப் பாத்துப்போட்டாங்க. நீங்களும் பாத்துச் சொல்லுங்க அம்மணி" என்றார்.

பாதத்தில் இரண்டு விரல் வைத்தேன். காலர் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கையைக் காட்டி எட்டையும் நிறுத்தச் சொன்னேன். யூனிட்டே நின்றது. அப்போது விரலுக்கு அடியில் மெல்ல, ஒழுங்காக, தட்டியது.

"இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கையா."

அவர் காலை எடுக்கவில்லை. பாயும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பாய் பார்த்தார். பிறகு மெஷினில் இருந்த எட்டுப் பேரும் வரிசையாக வந்து பார்த்தார்கள்.